பின் தேர்வை ஒரு வாரம் தள்ளி வைத்துப் பாருங்கள்

பி.எட். படித்த எல்லோரும் ஒரு செயலாராய்ச்சி செய்திருப்போம். தலைப்பு பெரும்பாலும் "எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் பின்னங்களைக் கூட்டும் திறனை மேம்படுத்துதல்" என்கிற மாதிரி இருக்கும். முன் தேர்வு வைப்போம், மதிப்பெண் குறைவாக வரும். சில நாள் அட்டை, விளையாட்டு, குழுச் செயல்பாடு என்று ஏதாவது செய்வோம். பின் தேர்வு வைப்போம், மதிப்பெண் ஏறியிருக்கும். பட்டை வரைபடம் ஒட்டி, ஸ்பைரல் போட்டு, கையெழுத்து வாங்கினால் வேலை முடிந்தது. பின் தேர்வில் மதிப்பெண் இறங்கிய செயலாராய்ச்சி ஒன்றை நான் இதுவரை பார்த்ததில்லை.

ஏறாமல் எப்படி இருக்கும்? நேற்று வரை சொல்லிக்கொடுத்ததை இன்று கேட்கிறோம். பிள்ளைகளும் நல்லவர்கள், டீச்சர் என்ன எதிர்பார்க்கிறார் என்று அவர்களுக்குத் தெரியும். இதே கேள்வித்தாளை அடுத்த மாதம் சொல்லாமல் கொள்ளாமல் கொடுத்தால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. பி.எட்.டுக்காக நாம் ஒப்படைக்கும் ரெக்கார்டு அதைக் கேட்பதில்லை.

நான் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை கணக்கு எடுக்கிறேன். ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தேடிப் படிக்கும் பழக்கம் வேலைக்கு வந்த பிறகுதான் வந்தது. அவற்றிலிருந்து நான் எடுத்துக்கொண்டதில் பெரும்பகுதி ஒரே ஒரு சந்தேகம்தான். வகுப்பில் இன்று நன்றாகத் தெரிவதை நம்பலாமா?

அந்தச் சந்தேகத்தைக் கிளப்பிவிட்டது 2006-ல் வந்த ஒரு கட்டுரை. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர்கள் ரோடிகர், கார்பிக் இருவரும் எழுதியது. மாணவர்களுக்குச் சிறு பத்திகளைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு முறையில், படித்ததையே இன்னொரு தடவை படிக்க வேண்டும். இன்னொரு முறையில், ஒரு தடவை படித்துவிட்டு, தாளைத் திருப்பி வைத்து, நினைவில் இருப்பதை எழுத வேண்டும். ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தபோது திரும்பப் படித்தவர்கள் 81 சதவீதம், எழுதிப் பார்த்தவர்கள் 75 சதவீதம். ஒரு வாரம் கழித்து வைத்தபோது திரும்பப் படித்தவர்கள் 42, எழுதிப் பார்த்தவர்கள் 56. ஐந்து நிமிடத்தோடு நிறுத்தியிருந்தால் முடிவே தலைகீழாகியிருக்கும். நம்முடைய பின் தேர்வுகள் எல்லாமே ஐந்து நிமிடப் பக்கத்தில்தான் நிற்கின்றன.

கணக்கு ஆசிரியருக்கு இதன் உறைப்பு அளவியல் பாடத்தில் தெரியும். பத்தாம் வகுப்பில் புறப்பரப்பு ஒரு பயிற்சி, கன அளவு அடுத்த பயிற்சி. புறப்பரப்பு நடத்தும் வாரத்தில் கொடுக்கும் கணக்கெல்லாம் புறப்பரப்பு. நோட்டு முழுக்க டிக் விழும். திருப்புதல் தேர்வில் எல்லாம் கலந்து வரும்போதுதான் கூத்து. "கூம்பு வடிவக் கூடாரம் அமைக்கத் தேவையான துணி எவ்வளவு?" என்று ஒரு கேள்வி. நன்றாகப் படிக்கிற பையன் ஒருவன் கூம்பின் கன அளவுக்கான சூத்திரத்தை எழுதி, 22/7-ஐ அழகாக அடித்துச் சுருக்கி, விடையும் கண்டுபிடித்து, துணி ஆயிற்றே என்று அலகை மட்டும் ச.மீ. என்று போட்டிருந்தான். கூப்பிட்டு, "கூம்பின் வளைபரப்பு என்னப்பா?" என்றால் டக்கென்று சொல்கிறான். சாயுயரம் கண்டுபிடிக்கவும் தெரிகிறது. எதை எப்போது எடுக்க வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ள அவனுக்கு நாங்கள் வாய்ப்பே கொடுக்கவில்லை. பயிற்சியின் தலைப்பே விடையில் பாதியைச் சொல்லிவிடுகிறது.

"டீச்சர், இதுக்குக் கூட்டணுமா பெருக்கணுமா?" என்று ஆறாம் வகுப்பில் கேட்பதும், "டீச்சர், இது எந்த பார்முலா?" என்று பத்தாம் வகுப்பில் கேட்பதும் ஒரே வியாதிதான்.

தெற்கு ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் டக் ரோரர் இதைத்தான் பல வருடமாக ஆராய்கிறார். 2007-ல் டெய்லர் என்பவருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் நான்கு வகைத் திண்ம உருவங்களின் கன அளவைக் கண்டுபிடிக்கக் கற்றார்கள். சிலர் ஒரு வகையை முடித்துவிட்டு அடுத்த வகை, சிலர் நான்கையும் கலந்து. பயிற்சியின்போது வரிசையாகப் போட்டவர்கள் 89 சதவீதம் சரி, கலந்து போட்டவர்கள் 60. ஒரு வாரம் கழித்துத் தேர்வில் வரிசையாகப் போட்டவர்கள் 20, கலந்து போட்டவர்கள் 63. ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்கள் ஒரு சிறு கூட்டம், அதுவும் கல்லூரிப் பிள்ளைகள். அதை மட்டும் வைத்துக்கொண்டு நான் வகுப்பை மாற்றியிருக்க மாட்டேன். 2020-ல் அதே குழு 54 ஏழாம் வகுப்புகளில் மாதக்கணக்கில் நடத்திய ஆய்வு வந்தது. முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு மாதம் கழித்து வைத்த தேர்வில் கலந்து போட்டவர்கள் 61 சதவீதம், வரிசையாகப் போட்டவர்கள் 38. சரி, இது நம் வகுப்பில் பார்க்க வேண்டிய விஷயம்தான் என்று முடிவு செய்தேன்.

செய்தது ரொம்பச் சின்ன மாற்றம். புதிய கணக்கு ஒன்றுகூட எழுதவில்லை. புத்தகத்தில் இருப்பதையே வேறு வரிசையில் வீட்டுப்பாடமாகக் கொடுத்தேன். அன்று நடத்தியதிலிருந்து இரண்டு, போன வாரத்திலிருந்து ஒன்று, முந்தின பாடத்திலிருந்து ஒன்று, கீழ் வகுப்பிலிருந்து ஒன்று. கரும்பலகையின் ஓரத்தில் பயிற்சி எண்ணையும் கணக்கு எண்ணையும் எழுதிப்போட்டால் போதும் என்றுதான் நினைத்தேன். ஆனால் பயிற்சி எண்ணைப் பார்த்ததும் எந்தப் பாடம் என்று தெரிந்துவிடுகிறதே! அதனால் இப்போது கணக்கை மட்டும் ஒரு தாளில் எழுதி, போட்டோ எடுத்து, வகுப்பு வாட்ஸாப் குழுவில் போடுகிறேன். போன் இல்லாத பிள்ளைகளுக்காகப் பலகையிலும் எழுதுவேன்.

வாரத்துக்கு ஒரு நாள் இன்னொன்று. பத்து கணக்குகளைக் கொடுத்து, "யாரும் போடக்கூடாது" என்று சொல்லிவிடுவேன். உருவம் எது, கேட்பது பரப்பா கன அளவா, கொடுக்காத அளவு எது, இந்த மூன்றை மட்டும் ஒவ்வொரு கணக்குக்கும் எழுத வேண்டும். கிணறு வெட்டி எடுத்த மண்ணை மேடை போடுவது, கோளத்தை உருக்கிக் கம்பி ஆக்குவது, தொட்டியின் உட்புறம் வர்ணம் பூசுவது என்று எல்லாம் கலந்து இருக்கும். பெருக்கல் வகுத்தல் இல்லாததால் சீக்கிரம் முடிந்துவிடும். முடித்த பிறகு வரும் சண்டைதான் பாடம். "வர்ணம்னா பரப்புதான்டி, உள்ளே தண்ணியா ஊத்தச் சொன்னாங்க?" என்று ஒருத்தி இன்னொருத்தியை மடக்கியதை நான் நூறு தடவை நடத்தினாலும் அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

இதில் பெரிய தொல்லை, முதல் சில வாரங்கள் எல்லாமே மோசமாகத் தெரியும். நோட்டில் சிவப்பு மை கூடும். "முன்னாடியெல்லாம் வீட்டுப்பாடம் மளமளன்னு போட்டுடுவா, இப்ப திணர்றா" என்று ஒரு அம்மா வந்து கேட்டார். நோட்டைப் பார்வையிட வருபவர்கள் எண்ணுவது டிக்குகளைத்தான். இந்தக் கட்டத்தில்தான் பலர் கைவிட்டுவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். எனக்கு உதவியது அந்த நான்கு எண்கள்தான். 89, 60, 20, 63 என்று பலகையில் எழுதி, ஏன் திணறுகிறார்கள், திணறுவதால் என்ன லாபம் என்று பிள்ளைகளிடமே சொல்லிவிட்டேன். "காலேஜ் படிக்கிறவங்களுக்கே இருபதுதானா டீச்சர்?" என்று ஒரு குரல். அன்றிலிருந்து கலந்து கொடுக்கும் தாளுக்கு வகுப்பில் "காலேஜ் ஹோம்வொர்க்" என்று பெயர். தலைமை ஆசிரியரிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். எண்களைக் காட்டிப் பேசினால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்.

பலன் இருந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எங்கள் பள்ளியில் இரண்டு பிரிவுகள் உண்டு. ஒன்றில் இப்படி, ஒன்றில் அப்படி நடத்தி ஒப்பிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். ஒன்று தமிழ் வழி, இன்னொன்று ஆங்கில வழி. சேர்க்கையிலேயே வித்தியாசம் இருக்கிறது, ஒப்பிட்டால் எதை ஒப்பிடுகிறோம் என்றே தெரியாது. அதனால் ஒரே வகுப்பில் பாடங்களைப் பிரித்தேன். ஒன்பதாம் வகுப்பில் இரண்டு பாடங்களுக்கு வழக்கம்போல வரிசையாக வீட்டுப்பாடம், வேறு இரண்டுக்குக் கலந்து. ஒரு மாதம் கழித்து, சொல்லாமல், ஒரு பாடத்துக்கு மூன்று கணக்கு வீதம் ஒரு தாள். பாடங்களே ஒன்றுக்கொன்று கடினத்தில் மாறுமே என்று நீங்கள் கேட்கலாம். சரியான கேள்விதான். அடுத்த ஆண்டு அப்படியே மாற்றிப் போட்டேன். இரண்டு ஆண்டிலும் கலந்து கொடுத்த பாடங்களில்தான் அதிகம் பேர் சரியான சூத்திரத்தோடு தொடங்கியிருந்தார்கள். ஃபுளோரிடா அளவுக்கு வித்தியாசம் இல்லை. இருந்த வித்தியாசம் எனக்குப் போதுமானதாக இருந்தது.

ஒரு எச்சரிக்கை. புதிதாக நடத்திய அன்றே கலக்கக் கூடாது. ஒரு வகை கணக்கு கைக்குப் பழகும் வரை நான்கைந்து வரிசையாகப் போடத்தான் வேண்டும். அதன் பிறகுதான் கலப்பு.

ஆராய்ச்சி நேரடியாகப் பாடம் நடத்தும் முறையைச் சொல்லித்தருவது இப்படி அபூர்வம். அதைவிட அடிக்கடி கிடைப்பது ஒரு நல்ல கேள்வி. எனக்கு மிகவும் பிடித்தது இது:

8 + 4 = □ + 5

1999-ல் அமெரிக்காவில் ஃபால்க்னர், லெவி, கார்பென்டர் மூவரும் வெளியிட்ட கட்டுரையில் வந்தது. 145 ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்களாம். அத்தனை பேரில் ஒருவர்கூட 7 என்று எழுதவில்லை. கிட்டத்தட்ட எல்லோரும் 12 அல்லது 17. நம் ஊரில் அப்படியெல்லாம் இருக்காது என்று நினைப்பவர்கள் நாளைக்கே ஆறாம் வகுப்பில் கொடுத்துப் பாருங்கள். என் வகுப்பில் பெரும்பாலானோர் 12 போட்டார்கள். ஒரு பெண் கட்டத்தில் 12 எழுதிவிட்டு, வலது பக்கம் தானாக இன்னொரு சமக்குறியும் போட்டு, 17 என்று முடித்திருந்தாள். கணக்கு பாதியில் நிற்கிறதே என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

அவர்களைப் பொறுத்தவரை சமக்குறி என்றால் "விடையை இங்கே எழுது". தொடக்கப் பள்ளியில் அவர்கள் பார்த்த கணக்கு எல்லாமே அப்படித்தான் இருக்கும், இடது பக்கம் கணக்கு, வலது பக்கம் விடை. இது போதாதென்று நாமும் பலகையில் 25 × 4 = 100 + 20 = 120 என்று ஓட்டமாக எழுதித் தள்ளுகிறோம். 25 × 4 எப்படி 120 ஆகும்? இந்தப் பிள்ளைகள்தான் முதல் பருவத்திலேயே இயற்கணிதத்துக்கு வருகிறார்கள். x + 3 = 10 என்பதை எப்படியோ போட்டுவிடுவார்கள். x இரண்டு பக்கமும் வரும் நாளில் கதை முடிந்தது.

நான் செய்தது, வகுப்பு தொடங்கியதும் ஒரே ஒரு வரி, சரியா தவறா. 7 = 7. 9 = 5 + 4. 8 + 4 = 7 + 5. இரண்டாவது வரிக்கு "தவறு, தலைகீழா இருக்கு டீச்சர்" என்று பலர் சொன்னார்கள். நான் விடை சொல்லாமல் அவர்களையே பேசவிட்டேன். தராசு படம் போட்டு விளக்கலாம்தான், ஆனால் இப்போது மளிகைக் கடையிலும் எலக்ட்ரானிக் தராசு. இரண்டு தட்டுத் தராசைப் பார்க்காத பிள்ளைக்கு அதை வேறு தனியாக நடத்த வேண்டியிருக்கிறது. பலகையில் ஓட்டமாக எழுதுவதை நான் நிறுத்திவிட்டேன். ஒவ்வொரு படியும் தனி வரி. இடம் கொஞ்சம் அதிகம் பிடிக்கும்.

அடுத்து, நம் வகுப்புகளின் கோரஸ். "முக்கோணத்தின் மூன்று கோணங்களின் கூடுதல் நூற்றி..." என்று நாம் இழுக்க வேண்டியது, "எண்...பது!" என்று வகுப்பே முடித்து வைக்கும். கேட்பதற்கு உற்சாகமாக இருக்கும். நாற்பது பேரில் யோசித்தவர்கள் ஐந்து பேர், மீதிப் பேர் அந்த ஐந்து பேரின் வாயைப் பார்த்தவர்கள். மேரி பட் ரோ என்ற அறிவியல் கல்வி ஆய்வாளர் 1970-களில் வகுப்புப் பதிவுகளைக் கேட்டுக் கணக்கெடுத்தபோது, கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடியாக்கினால் பதில்கள் நீள்கின்றன, "தெரியாது" என்பது குறைகிறது, பேசாத பிள்ளைகள் பேசுகிறார்கள் என்று கண்டார்.

மூன்று நொடி என்பது சொல்லும்போது ஒன்றுமில்லை. நாற்பது பேர் முன்னால் வாயை மூடிக்கொண்டு நின்று பார்த்தால்தான் அதன் நீளம் தெரியும். நாம் காத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருப்போம், காத்திருக்க மாட்டோம். போனில் ரெக்கார்டரைப் போட்டு மேசை டிராயரில் வைத்துவிட்டு, மாலை பஸ்ஸில் கேட்டுப் பாருங்கள், பொறுமை எவ்வளவு என்று தெரிந்துவிடும். கோரஸை நிறுத்த நான் வைத்த விதி: பதிலை முதலில் ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுது, எல்லோரும் எழுதி முடித்த பிறகு நோட்டைத் தூக்கிக் காட்டு. முன் வரிசைக்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை. பின் வரிசையில் என்ன நடக்கிறது என்று எனக்கு முதன்முறையாகத் தெரிந்தது.

மதிப்பெண் விஷயத்தை மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1988-ல் இஸ்ரேலில் ரூத் பட்லர் செய்த ஆய்வு, விடைத்தாளில் குறிப்பு மட்டும் எழுதிக் கொடுத்தால் பிள்ளைகள் முன்னேறுகிறார்கள், குறிப்போடு மதிப்பெண்ணும் சேர்த்துப் போட்டால் அந்தப் பலன் போய்விடுகிறது என்று காட்டியது. மதிப்பெண்ணைப் பார்த்ததும் தாளை மடித்து வைத்துவிடுவதை நாமும் தினம் பார்க்கிறோமே. ஆனால் மதிப்பெண் போடாமல் இருக்க நமக்கு வழியில்லை. பதிவேடு இருக்கிறது, பெற்றோர் கேட்பார்கள். மதிப்பெண்ணைப் பதிவேட்டில் மட்டும் எழுதிக்கொண்டு, தாளில் குறிப்பை மட்டும் எழுதித் தருகிறேன். திருத்திக் கொண்டுவந்து காட்டியவர்களுக்கு மதிப்பெண் சொல்லப்படும். எல்லாத் தேர்வுக்கும் இதைச் செய்ய முடியாது. மாதம் ஒன்றுக்குச் செய்கிறேன்.

எதை நம்புவது, எதை விடுவது? பயிற்சி வகுப்புகளில் "படிப்பதில் 10 சதவீதம், கேட்பதில் 20 சதவீதம், செய்வதில் 90 சதவீதம் நினைவில் நிற்கும்" என்று ஒரு பிரமிடு படம் வரும், பார்த்திருப்பீர்கள். அதற்குப் பின்னால் ஆய்வு எதுவும் இல்லை. எட்கர் டேல் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1946-ல் வரைந்த கூம்பைக் காட்டி அவர் பெயரைச் சொல்வார்கள், அவர் படத்தில் சதவீதமே கிடையாது. அதே போலத்தான் பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று பிள்ளைகளைப் பிரிப்பதும். 2008-ல் பாஷ்லர் தலைமையில் நான்கு உளவியலாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் அலசிவிட்டு, அப்படிப் பிரித்து நடத்துவதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். முழுமுழு பத்துகளாக எண்கள் வரிசையில் நின்றால் எனக்கு இப்போது மூலத்தைத் தேடிப் பார்க்கக் கை தானாகப் போனுக்குப் போகிறது.

கட்டுரை கிடைப்பது அவ்வளவு கஷ்டமில்லை. கூகுள் ஸ்காலரில் தலைப்பைப் போட்டால் பல சமயம் வலது ஓரத்தில் இலவச பிடிஎஃப் இருக்கும். பணம் கேட்கும் இணைப்போடு நின்றுவிட வேண்டாம். ஆங்கிலம் பயமுறுத்தும், புள்ளியியல் இன்னும் பயமுறுத்தும். நான் முதலில் சுருக்கத்தைப் படித்துவிட்டு, யாரை வைத்துச் செய்தார்கள், ஒப்பிட்ட இன்னொரு கூட்டம் என்ன செய்தது, எத்தனை நாள் கழித்துச் சோதித்தார்கள் என்று மட்டும் தேடுவேன். மூன்றாவதற்குப் பதில் "உடனே" என்றிருந்தால் மூடிவைத்துவிடுவேன். ஒரு பருவத்துக்கு ஒரு மாற்றத்துக்கு மேல் செய்வதில்லை. இரண்டை ஒன்றாகத் தொடங்கினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

இவை எதுவும் உதவாத பிள்ளைகளும் என் வகுப்பில் இருக்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பில் இரண்டிலக்க எண்ணால் வகுக்கத் தெரியாதவனுக்குக் கணக்கைக் கலந்து கொடுத்தால் என்ன, வரிசையாகக் கொடுத்தால் என்ன? இதற்கு விடை நம் நாட்டிலேயே இருக்கிறது. பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பும், பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழுவும் 2001 முதல் வடோதரா, மும்பை பள்ளிகளில் தொடங்கி, வகுப்பைப் பார்க்காமல் பிள்ளையின் நிலையைப் பார்த்துப் பிரித்து நடத்துவதைச் சோதித்துக்கொண்டே வந்தார்கள். பிறகு அரசுப் பள்ளிகளில் புத்தகமும் பயிற்சியும் மட்டும் கொடுத்துப் பார்த்தபோது பெரிதாகப் பலனில்லை. ஹரியானாவில் பள்ளி நேரத்துக்குள் இதற்கென்றே ஒரு மணி நேரம் தனியாக ஒதுக்கியபோதுதான் வாசிப்பில் முன்னேற்றம் வந்தது. எனக்கு அதில் உறைத்தது அந்த ஒரு மணி நேரம்தான்.

எங்களுக்கு ஒரு மணி நேரம் கிடைக்கவில்லை. அறிவியல் டீச்சரும் நானும் சேர்ந்து மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் வாங்கியிருக்கிறோம். ஏழு, எட்டு, ஒன்பது மூன்று வகுப்புப் பிள்ளைகளும் கலந்து உட்கார்வார்கள். கழித்தலில் நிற்பவர்கள் ஒரு பக்கம், வகுத்தலில் நிற்பவர்கள் இன்னொரு பக்கம். பெரிய பையன்களுக்கு ஏழாம் வகுப்போடு உட்காரக் கூச்சம். அதனால் அவர்களையே சின்னவர்களின் தாளைத் திருத்த வைக்கிறோம், திருத்தும்போது தானும் போட்டுத்தானே ஆக வேண்டும். இன்னும் நேரம் வேண்டும் என்றால் பி.டி. பீரியடை எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு யோசனை வந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். மைதானத்திலிருந்து பிடித்துக் கொண்டுவந்த பையன் வகுத்தல் கற்றுக்கொள்வான் என்று எந்த ஆராய்ச்சியிலும் நான் படிக்கவில்லை.